பேய்ப் பாட்டின் மறுபக்கம்

ஒரு பாட்டு. அதன் நீளம் 9 நிமிடம் 36 விநாடி.

முதல் 3 நிமிடம் வரை பாடகர் வாயே திறக்க மாட்டார்! டிரம் மட்டும் ‘டிக், டிக்’ என்று தட்டிக்கொண்டே இருக்கும். கிடார் நடுநடுவே கிறீச்சிடும். பாழடைந்த பங்களாவில் துருப்பிடித்த கதவை யாரோ திறப்பது போல இருக்கும். அதன் பிறகுதான் குரல் வரும்.

யாரைப் பற்றிய பாட்டு தெரியுமா? சினிமாவில் ரத்தக் காட்டேரியாக நடித்துப் பேர் வாங்கி, பிறகு செத்துப்போன ஒரு நடிகரைப் பற்றிய பாட்டு!

“இதெல்லாம் ஒரு பாட்டா?” என்று கேட்கத் தோன்றும். 1979ல் இங்கிலாந்திலும் அப்படித்தான் தோன்றியது. இசைத்தட்டுக் கம்பெனிகள் பல, “9 நிமிடப் பாட்டை யார் கேட்பார்கள்?” என்று கையை விரித்துவிட்டன.

அந்தத் தட்டை இன்றும் தேடி வாங்குகிறார்கள். ‘கோத்திக் ராக்’ என்ற இசை வகையே இந்தத் தட்டிலிருந்துதான் பிறந்தது என்று சொல்பவர்கள் பலர். இருட்டு, கல்லறை, பேய், பிரிவு, துக்கம் இவைதான் கோத்திக் ராக்கில் பாடுபொருள்.

முன்பக்கத்துப் பாட்டைப் பற்றி உலகம் நிறையப் பேசிவிட்டது. பேச வேண்டியது தட்டின் பின்பக்கத்தைப் பற்றி!

செருப்பு ஊர்ப் பையன்கள்

இங்கிலாந்தில் நார்தாம்டன் என்று ஒரு ஊர். பூட்சும் செருப்பும் செய்வதில் பேர் போன ஊர். காலையில் எழுந்தால் பட்டறை. மாலையில் வீடு. மறுநாள் மறுபடியும் பட்டறை.

சோழவரம், கும்மிடிப்பூண்டி பக்கத்துக்காரர்களுக்கு இப்படிப்பட்ட ஊரைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. கம்பெனி பஸ் வரும் நேரத்தை வைத்துத்தான் இங்கே பல வீடுகளில் உலை ஏறுகிறது. முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்றுதான் வாழ்க்கை ஓடுகிறது.

அந்த நார்தாம்டனில் 1978ம் ஆண்டு இறுதியில் 4 வாலிபர்கள் ஒன்று சேர்ந்தார்கள். டேனியல் ஆஷ் கிடார் வாசிப்பவர். டேவிட் ஜே, கெவின் ஹாஸ்கின்ஸ் இருவரும் அண்ணன் தம்பி. அண்ணன் பேஸ் கிடார், தம்பி டிரம். நான்காவது ஆள் பீட்டர் மர்பி. அவர் அச்சகத்தில் வேலை பார்த்தவர். பாடிப் பழக்கம் இல்லாதவர். “பார்ப்பதற்குப் பாடகன் மாதிரி இருக்கிறாய். வா!” என்கிற கதையாக, பள்ளிக்கூடத்து நண்பரான ஆஷ் அவரை இழுத்துக்கொண்டு வந்தார்.

குழுவுக்கு ‘பௌஹவுஸ்’ என்று பெயர் வைத்தார்கள். 1919ல் ஜெர்மனியில் தொடங்கிய ஒரு கலைப் பள்ளியின் பெயர் அது.

சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தது. 1979ம் ஆண்டு ஜனவரி 26ந் தேதி, பக்கத்து ஊரான வெல்லிங்பரோவில் பெக் ஸ்டூடியோ என்ற சிறு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார்கள். இந்தியாவில் குடியரசு தினக் கொடி ஏறிய அதே நாள்! அங்கே 5 பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அதில் ஒன்றுதான் இந்த 9 நிமிடப் பாட்டு. நிறுத்தி நிறுத்தி ஒட்டவில்லை. நாலு பேரும் ஒன்றாக நின்று, ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிட்டார்கள்.

பாட்டின் பெயர், ‘பேலா லுகோசி இறந்துவிட்டார்’.

யார் இந்த லுகோசி?

பேலா லுகோசி 1882ல் பிறந்தவர். அவர் பிறந்த ஊர் அப்போது ஹங்கேரியில் இருந்தது. இப்போது ருமேனியாவில் இருக்கிறது. அமெரிக்கா போய், 1931ல் வெளிவந்த ‘டிராகுலா’ படத்தில் காட்டேரியாக நடித்தார். கறுப்பு அங்கியும் வெறித்த பார்வையுமாக அவர் படி இறங்கி வந்த காட்சியில் உலகமே மிரண்டது.

அதுதான் அவருக்கு வினையும் ஆனது. வேறு வேஷம் கொடுக்க ஆள் இல்லை. கடைசிக் காலம் கஷ்டத்தில் கழிந்தது. 1956ல் இறந்தபோது, அந்தக் காட்டேரி அங்கியைப் போர்த்தித்தான் அடக்கம் செய்தார்கள்.

கொடுமையிலும் இது ஒரு தனிக் கொடுமை. ஒரு மனிதனை ஒரே வேஷத்தில் பூட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லுகோசி ஒரு சாட்சி. அவர் வாழ்க்கையில் முன்பக்கம் மட்டுமே ஓடியது. திருப்பிப் போட யாரும் இல்லை.

தட்டைத் திருப்பினால்...

பெரிய கம்பெனிகள் கைவிட்ட பாட்டை, லண்டனில் ‘ஸ்மால் ஒண்டர்’ என்ற சிறு கம்பெனி எடுத்துக்கொண்டது. அது ஓர் இசைத்தட்டுக் கடை. கடைக்காரரே கம்பெனியும் நடத்தினார். 1979 ஆகஸ்டில் தட்டு வந்தது.

முன்பக்கம் முழுவதும் காட்டேரிப் பாட்டு. பின்பக்கத்தில் என்ன வைப்பது?

‘பாய்ஸ்’ என்று ஒரு பாட்டை வைத்தார்கள். அதன் பிறகு இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. ‘டார்க் என்ட்ரீஸ்’ என்ற பாட்டை ஒத்திகையாகப் பதிவு செய்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி அங்கே ஒட்டிவிட்டார்கள். முழுப் பாட்டுகூட இல்லை, துண்டு!

கடையில் விற்கிற சரக்கில் இப்படி வைப்பார்களா? பின்பக்கம் என்பதால் வைத்தார்கள். அதற்கு யாரும் தனியாகக் காசு கொடுக்கவில்லை. பிடித்தால் கேட்கலாம், பிடிக்காவிட்டால் ஊசியைத் தூக்கிவிடலாம். யாருக்கும் நஷ்டம் இல்லை.

பிறகு நடந்ததுதான் விசேஷம். அந்தத் துண்டுப் பாட்டை மெருகேற்றி முழுதாகப் பாடினார்கள். 1980 ஜனவரியில் அது தனித் தட்டாக, முன்பக்கப் பாட்டாகவே வெளிவந்தது!

ஜனவரி 26ந் தேதி பதிவு செய்த மற்றப் பாட்டுகளும் வீண் போகவில்லை. ‘ஹாரி’ என்ற பாட்டு 1982ல் வேறொரு தட்டில் துணைப் பாட்டாக வந்தது. ‘பைட் மை ஹிப்’ என்ற பாட்டுக்குச் சொல்லை மாற்றி, பேரை மாற்றி, 1983ல் புதுப் பாட்டாக்கினார்கள். அந்த ஒரு நாள் ஒத்திகை 5 பாட்டுகளும் சேர்ந்து 2018ல் ஒரே தட்டாக வெளியிடப்பட்டன. 39 ஆண்டுகள் கழித்து!

காட்டேரிப் பாட்டு இங்கிலாந்தின் முக்கிய விற்பனைப் பட்டியலில் ஏறவே இல்லை. ஆனால் பி.பி.சி. வானொலியில் ஜான் பீல் என்ற அறிவிப்பாளர் அதைப் போட்டார். சிறு கம்பெனித் தட்டுகளுக்கென்று இருந்த பட்டியலில் அது நெடுநாள் நின்றது. 1983ல் ‘தி ஹங்கர்’ என்ற காட்டேரிப் படத்தின் தொடக்கக் காட்சியில் அந்தக் குழுவே தோன்றிப் பாடியது.

மைக் செட்காரர் அறிவார்

முன்பக்கம், பின்பக்கம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் கேட்கலாம்.

அந்த நாளில் ஒரு பக்கத்துக்கு 3 நிமிடம்தான் ஓடும். கல்யாண வீட்டில் மைக் செட்காரர் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பாட்டு முடிந்ததும் திருப்பிப் போடுவார். எல்லோரும் கேட்டது முன்பக்கத்துப் பாட்டைத்தான். ஆனால் அவர் திருப்பிப் போட்டபோது, யாரும் கேட்காத பாட்டும் ஊர் முழுவதும் ஒலித்தது. அப்படிக் காதில் விழுந்து மனத்தில் தங்கிய பாட்டுகள் எத்தனையோ!

வெளிநாட்டிலும் இதே கதைதான். ராக் இசையை உலகம் முழுக்கப் பரப்பிய ‘ராக் அரவுண்ட் தி கிளாக்’ 1954ல் வந்தபோது பின்பக்கப் பாட்டுதான். மறு ஆண்டு ஒரு சினிமாவில் சேர்த்தார்கள். பிறகு முன்பக்கத்தில் என்ன பாட்டு இருந்தது என்பதே ஊருக்கு மறந்துவிட்டது. பீட்டில்ஸ் குழுவினர் குரலைத் தலைகீழாக ஓட விட்டுப் பார்த்தார்கள். 1966ல் அந்தச் சோதனையை எங்கே வைத்தார்கள்? ‘ரெயின்’ என்ற பின்பக்கப் பாட்டில்!

எல்லாவற்றையும் மிஞ்சியது ஜமைக்கா. அது ஒரு சின்னத் தீவு. ஏழை நாடு. 1968 வாக்கில் அங்கே ஒரு தட்டு வெட்டும்போது, பாடகரின் குரலைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். வெறும் வாத்தியம் மட்டும் பதிவாகிவிட்டது. வேறு ஊராக இருந்தால் குப்பையில் போட்டிருப்பார்கள். அவர்கள் அதை நடனக் கொட்டகையில் போட்டார்கள். வந்திருந்த கூட்டமே பாட ஆரம்பித்துவிட்டது!

அதிலிருந்து ஜமைக்காத் தட்டுகளில் பின்பக்கம் என்றால் குரல் இல்லாத பாட்டு என்று ஆகிவிட்டது. கிங் டப்பி என்று ஒருவர். ரேடியோ ரிப்பேர் செய்கிறவர். அவர் அந்த வாத்திய ஓசையை எடுத்து, எதிரொலி சேர்த்து, சிலதைக் கூட்டி, சிலதைக் குறைத்துப் பார்த்தார். அந்த விளையாட்டுக்கு ‘டப்’ என்று பெயர் வந்தது. நார்தாம்டன் பையன்களின் காட்டேரிப் பாட்டில் எதிரொலி சுற்றிச் சுற்றி வருகிறதே, அது அந்த ரேடியோ ரிப்பேர்காரர் வழியில் வந்தது.

மறதியில் ஒரு கலை. ரிப்பேர் கடையில் ஒரு கலை. இரண்டும் வளர்ந்தது பின்பக்கத்தில்!

“பேய்ப் பாட்டு பிள்ளையைக் கெடுக்காதா?”

பெற்றோர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். பையன் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்கிறான். காதில் எதையோ மாட்டிக்கொண்டு மண்டை ஓட்டுப் படத்தைப் பார்க்கிறான். தாய்க்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

ஆனால் பேயைப் பாடுவது வெளிநாட்டிலிருந்து வந்த நோய் அல்ல. சோழவரம் இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காடு இருக்கிறது. அங்கே சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் அம்மையார் சுடுகாட்டைப் பாடினார். எரியும் பிணம், கள்ளிச் செடி, கத்தும் ஆந்தை, கூத்தாடும் பேய்கள், அவற்றின் நடுவே ஆடும் சிவன். பாடியவர் காரைக்கால் அம்மையார். வணிகர் வீட்டுப் பெண். அழகிய உடலை உதறிவிட்டுப் பேய் உருவம் கேட்டு வாங்கியவர் என்கிறது பெரியபுராணம். எலும்பும் தோலுமாக, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கும் அவர் உருவத்தைச் சோழர் காலச் சிற்பிகள் அச்சு அசலாக வடித்திருக்கிறார்கள்.

அந்த அம்மையார் செய்த இன்னொரு காரியம் உண்டு. பத்துப் பாடலும் முடிவில் ஒரு பாடலுமாகப் பாடுகிற பதிக அமைப்பை முதலில் கையாண்டவர் அவர் என்பார்கள் தமிழறிஞர்கள். அதனால்தான் அவர் பாடியதற்கு ‘மூத்த திருப்பதிகம்’ என்று பெயர். சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பிறகு அதே வழியில் பாடினார்கள். இருட்டைப் பாடியவர்தான் புது வழியும் வெட்டினார்!

தமிழ் சினிமாவையும் எடுத்துக்கொள்ளலாம். 1966ல் வந்த ‘யார் நீ?’ படத்தில், வேதாவின் இசையில் பி.சுசீலா பாடிய ‘நானே வருவேன்’ பாட்டுக்கு நடுங்காதவர் யார்? நடுங்கினார்கள்; பிறகு முணுமுணுத்தார்கள். யாரும் கெட்டுப் போகவில்லை.

பயத்தைப் பாட்டாக்குகிற பையனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பயத்தை வெளியே சொல்லாமல் கதவைச் சாத்திக்கொள்கிற பையனிடம்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

பின்பக்கம் எங்கே போயிற்று?

இப்போது தட்டு இல்லை. பாட்டு செல்போனில் வருகிறது. ஒவ்வொன்றாக வருகிறது. திருப்பிப் போடப் பின்பக்கமே இல்லை! எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கு அடுத்த நிமிடமே கீழே தெரிகிறது. கணக்குக் குறைவா? பையன் தலை குனிந்துவிடுகிறான். போட்டதை அழித்துவிடுகிறான்.

நார்தாம்டன் பையன்களுக்கு அந்தத் தலைகுனிவு இல்லை. அவர்களுடைய துண்டுப் பாட்டு தட்டின் முதுகில் பத்திரமாக ஒளிந்திருந்தது. பழுக்கும் வரை காத்திருந்தது.

பெரிய வித்வான்களுக்கும் இப்படி ஓர் ஒதுக்கிடம் வேண்டியிருக்கிறது. இளையராஜா சினிமாவில் உச்சத்தில் இருந்த நேரம். 1986ல் ‘ஹவ் டு நேம் இட்’ என்று ஒரு தொகுப்புச் செய்தார். கதாநாயகன் இல்லை, பாடல் வரி இல்லை. தியாகராஜரையும் ஜெர்மன் இசை மேதை பாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தார். அவர் பெயருக்கு ஊர் காது கொடுத்தது. பெயர் இல்லாத பிள்ளைக்கு?

சோழவரம் வட்டாரத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இல்லாமலா இருப்பார்கள்? சிப்காட் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன், செங்குன்றம் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவன், பாலிடெக்னிக் படிக்கிறவள். கோயில் திருவிழாவில் பறை அடிப்பவனும் உண்டு. மாதா கோயிலில் கீபோர்டு வாசிப்பவளும் உண்டு. மேடை வேண்டுமானால் கிடைக்கும். மேடை முன்பக்கம். அங்கே தெரிந்த பாட்டைத்தான் வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் விசில்தான்!

வீட்டில் வாசித்துப் பழகட்டுமே என்பார்கள். ஆகாது. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்குகிறார். ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தூங்குகிறது. டிரம் அடித்தால் சண்டை வரத்தான் செய்யும். அந்தச் சண்டையில் தூங்குகிறவர் பக்கம்தான் நியாயம்.

அதனால் வேறு இடம் வேண்டும். புதிதாகக் கட்ட வேண்டியது இல்லை. கட்டியதையே வேறு காரியத்துக்குத் திருப்பிப் போடுவதில் சோழவரத்துக்குப் பழக்கம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்காக இங்கே விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது; விமானம் போயிற்று. சும்மா கிடந்த அதே தளத்தில் 1950களிலிருந்து கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. சென்னையிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். இருங்காட்டுக்கோட்டையில் புதுத் தளம் வரும் வரை, இந்தியா முழுவதும் ‘சோழவரம்’ என்றால் பந்தயம் என்றுதான் அர்த்தம். ஓடுதளத்தின் பின்பக்கம் அது!

ஊர்தோறும் சமுதாயக் கூடம் இருக்கிறது. முகூர்த்த நாளில் கல்யாணம். மற்ற நாளில் பூட்டு. ஆடி மாதம் முழுவதும் பெரும்பாலும் பூட்டுத்தான். பள்ளிக்கூடக் கட்டடங்களும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் காலிதான். வாரத்துக்கு ஒரு மாலை, 4 மணி முதல் 7 மணி வரை திறந்துவிட்டால் என்ன?

பரிசு வைக்க வேண்டாம். மாலை போட வேண்டாம். தலைமை தாங்க ஆள் வேண்டாம். முக்கியமாக, செல்போனில் படம் பிடிக்க வேண்டாம்! ஒரு பிளக் பாயிண்ட், ஒரு பாய், குடிக்கத் தண்ணீர் போதும். வாசித்துப் பார்க்கட்டும். கெட்டுப் போகட்டும். மறுவாரம் மறுபடி வாசிக்கட்டும்.

செலவு என்ன? மின்சாரக் கட்டணமும், பூட்டைத் திறக்க ஒரு ஆளும். பொருள் உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். அதுவும் சரியான கேள்வி. வருகிற பிள்ளைகளின் பெற்றோரில் ஒருவர் முறை வைத்து உடன் இருக்கலாம். பிள்ளை என்ன செய்கிறான் என்று பயப்படுகிற தகப்பனாருக்கு இதைவிட நல்ல வழி ஏது? அவரும் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பேய்ப் பாட்டைக் கேட்கலாம். 3 நிமிடம் வரை குரலே வராது. கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அடுத்த கிராம சபைக் கூட்டம் வரும். குடிதண்ணீர், தெருவிளக்கு, சாலை எல்லாம் பேசி முடித்த பிறகு, யாராவது ஒருவர் எழுந்து கூடத்துச் சாவியைக் கேட்டுப் பார்க்கட்டும். குடியரசு தினமான ஜனவரி 26ந் தேதியும் கிராம சபை கூடுகிற நாள்தான்!